நாற்பத்தெட்டு தேயிலைச் செடிகள்

என் மகள் கேக்கில் பல்லி செய்வாள். வால் வளைந்த பல்லி, கண் பிதுங்கிய பல்லி. முதல் தடவை அடுப்பு மேடையில் அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் கையைப் பிடித்திருக்காவிட்டால் சித்திரபுரத்தில் ஒரு பையனின் பிறந்தநாள் அங்கேயே முடிந்திருக்கும்.

பல்லி மட்டும் இல்லை. குப்புறப் படுத்துத் தூங்கும் யானை, அதுவும் பின்பக்கம் மட்டும். பாதி வெந்த முட்டை. சின்ன மண்சட்டியில் மீன் குழம்பு, மீனும் சர்க்கரை, குழம்பும் சர்க்கரை. பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சருக்குப் பிரம்பும் சாக்பீசும். வட்டவடையில் காய்கறி போடும் ஒருவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கேட்டார். பிஸ்கட்டை நொறுக்கி மண்ணாகப் போட்டு, அதில் கேரட் தலை நீட்டிக்கொண்டிருப்பது போல் செய்து கொடுத்தாள். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டக்காரர் வீட்டுக்கு ஏலச்செடி. அதில் நிஜ ஏலக்காயையே குத்தி வைத்தாள். சர்க்கரைதானே என்று ஒரு கிழவி கடித்துப் பல் ஆடிப்போய், அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு ஹோம்ஸ்டேயில் தங்க வந்தவர்கள் நாய்க்குப் பிறந்தநாள் என்று எலும்பு வடிவில் கேட்டார்கள். சர்க்கரை சேர்க்கக் கூடாதாம், நாய்க்கு ஆகாதாம். என் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. அதைக் கொண்டாட ஒருவரும் கேக் சுட்டதில்லை. நாய்க்கு நான் முட்டை அடித்துக் கொடுத்தேன்.

கப்கேக் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காகிதக் குழியில் மாவை ஊற்றிச் சுடுகிற, உள்ளங்கை அளவுக் கேக். சுவைக்காக யாரும் வாங்குவதாக எனக்குத் தெரியவில்லை. மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து, அதை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் வாயில் போடுகிறார்கள். சிலர் போடுவதுகூட இல்லை. நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேல் உருவத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கேக்கை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அவள் தொடுபுழாவில் ஒரு பேக்கரியில் எட்டு மாதம் நின்றாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கித் திரும்பி வந்தாள். வந்து சும்மா இருக்கவில்லை. அவள் அப்பா தேயிலை பாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் கேக் சுடுகிற மின்சார அடுப்பு, 'அவன்' என்கிறார்களே, அது ஒன்று வாங்கச் சொன்னாள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கேக் வேகும். அதை வைக்க எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இடம் இல்லை. இரண்டு அறை, ஒரு அடுப்படி. கட்டில் ஒன்றை வெளியே தூக்கிப் போட்டோம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பாயில்தான் படுக்கிறார். அவன் அவரைவிடச் சூடாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரிப்பாள்.

ஆரம்பத்தில் எல்லாமே அமுங்கியது. போனில் பார்த்த அளவுகள் எல்லாம் கீழே சமவெளியில் இருப்பவர்கள் சொன்னவை. எங்கள் உயரத்தில் மாவு திடுதிடுவென்று எழும்பும், பிறகு நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் குறைத்து, சூட்டைக் கூட்டி, நாலு மாதம் குழி விழுந்த கேக்கைத் தின்றோம். லயத்துப் பிள்ளைகளுக்கே சலித்துப் போனது. அதற்குப் பிறகு பனி. சர்க்கரைமாவில் செய்து வைக்கும் உருவங்கள் மூடுபனி இறங்கினால் வியர்த்து வழியும். பல்லி வியர்த்தால் பரவாயில்லை. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வியர்த்தால் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். பனி நாட்களில் உருவங்களை அரிசிப் பானைக்குள் வைத்து மூடுவோம். இதை எந்தப் போனும் சொல்லித் தரவில்லை.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

நான் இருபத்தேழு வருஷமாக எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். முதலில் கையால் கிள்ளினோம். பிறகு கத்திரி வந்தது. பெட்டி வைத்த கத்திரி, அதில் கொழுந்து விழுந்து நிறைய நிறைய கனம் கூடும். எட்டு மணி நேரம் அதை இடுப்பு உயரத்தில் தூக்கி வெட்ட வேண்டும். என் வலது தோள் அதில்தான் போனது. இப்போது தலை வாரக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள், தைலம் கொடுக்கிறார்கள், போய் வேலையைப் பார் என்கிறார்கள்.

வேலையை விடலாம். விட்டால் வீடு போகும். லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது என் பெயர் பதிவில் இருந்ததால் வீடு நின்றது. நான் விட்டால் நிற்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. என் இடத்தில் என் மகள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வெளியே, அவள் உள்ளே. எஸ்டேட் ஆபீசில் கிளார்க் அதற்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். சீசன் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், இடம் அதற்குமேல் இருக்காது என்றார். கெட்ட மனிதர் இல்லை. நல்லதுக்குத்தான் சொன்னார். எங்கள் லயத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படி உள்ளே போனவர்கள்தான்.

அந்தப் பாரத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. மேசைமேல் போட்டேன். மகள் படித்துப் பார்த்தாள்.

"சரிம்மா. இந்த சீசனுக்குள்ள நிலையா ஒரு ஆர்டர் கெடைக்கலைன்னா எழுதிக் குடு. நான் போறேன்" என்றாள்.

அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பாரத்தை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் போட்டேன். பிறந்தநாள் ஆர்டரும் நாய் ஆர்டரும் நிலை இல்லை. ஒரு வாரம் பத்து வரும், மூன்று வாரம் ஒன்றும் வராது. வாராவாரம் எடுக்கிற ஒரு இடம் வேண்டும். அது கிடைத்தால் கீழே ரோட்டோரம் ஒரு அறை பிடித்து, அவன் அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்து, மெல்ல மெல்ல எல்லாரும் இறங்கிவிடலாம். இதுதான் திட்டம். மூன்று பேருக்கும் மனப்பாடம்.

பள்ளிவாசலுக்கு மேலே ஒரு ரிசார்ட் இருக்கிறது. அங்கே சமையல் பொறுப்பில் இருக்கும் ஷெப் ஒரு மலையாளி. எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மகள் நடையாய் நடந்து அவரிடம் மாதிரி கொடுத்தாள். முதலில் கொடுத்த மாதிரியில் இரண்டு லேசாக அமுங்கியிருந்தது. அவர் விரலால் அந்தக் குழியைத் தொட்டுக் காட்டினாராம். இது மட்டும் எனக்கு ஆகாது என்றாராம். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் நாலு மணி டீயோடு வைக்க நாற்பத்தெட்டு கப்கேக். தேயிலைச் செடி மாதிரி வேண்டும், மூணாறுக்கு வருகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று ஒரு படமும் அனுப்பினார். முதல் சனிக்கிழமை பார்ப்பார். பிடித்தால் சீசன் முழுக்க, அதற்குப் பிறகும்.

அந்தப் படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகள் போனை நீட்டினாள். பச்சையாக இருந்தது. தேயிலைச் செடிதானே, நான் பார்க்காத தேயிலைச் செடியா என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தோள் வலி என்று லீவு போட்டேன். பொய் இல்லை. காலையிலிருந்து மகள் கேக் சுட்டு ஆறவைத்தாள். நாலு தடவை அவனில் வைத்து எடுத்தாள். ஒன்றுகூட அமுங்கவில்லை. எல்லாம் நன்றாக உப்பி, தலையில் மேடு கட்டி நின்றன. குட்டிக் குட்டிக் கொழுந்துக் கூடைகளைச் சர்க்கரைமாவில் முந்தின நாளே செய்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். மிச்சம் பச்சைக் கிரீமும், கடைசியில் அவள் செய்கிற சில்லறை வேலையும்தான். பையில் கிரீமைப் போட்டு, இலை போல் விழுகிற மூக்கைப் பொருத்தி, பத்து கேக்கில் அவளே பிழிந்து காட்டினாள். எனக்கு அது புதிது இல்லை, ஒரு வருஷமாகப் பிழிகிறேன். இடது கையால் பிழியவும் பழகியிருந்தேன்.

அப்போதுதான் பெட்டி போதாது என்று தெரிந்தது. நாற்பத்தெட்டுக்குப் பெட்டி வேண்டும். பதினோரு மணிவாக்கில் அவள் மூணாறுக்கு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன், அதற்குள் முடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் செய்து வைத்த பத்தையும் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

செடி என்றால் அப்படியா இருக்கும். ஒவ்வொன்றும் உருண்டையாக, பந்து மாதிரி, மேலே கூம்பிப் போய், இலை நாலா பக்கமும் முளைத்துக்கொண்டு. ஒரு சுற்றுக் கொழுந்து எடுக்காமல் விட்ட தேயிலைக் காடு அப்படித்தான் கிடக்கும். அப்படி ஒரு செடியை எங்கள் நிரையில், அதாவது ஆளுக்கு ஒதுக்கிய செடி வரிசையில், விட்டுவிட்டு வந்தால் சூப்பர்வைசர் நாள் முழுக்கப் பேசுவார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆளுக்கு ஒரு மட்டக்கம்பு இருக்கும். செடிமேல் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். கம்புக்கு மேல் ஒரு கொழுந்து நீட்டிக்கொண்டிருந்தால் கிள்ளு, கீழே இருந்தால் தொடாதே. மேசை மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கம்புகூடப் பிறகு வேண்டியிருக்கவில்லை. கண்ணே கம்பாகிவிட்டது. எதிர் மலையில் ஒரு செடி உயர்ந்திருந்தால் இங்கிருந்தே கண்ணில் குத்தும்.

கத்தியை எடுத்தேன். கேக்கின் தலையில் இருந்த மேட்டைச் சீவினேன். முப்பத்தெட்டும் சீவினேன். சீவின இடத்தில் ஓரத்திலிருந்து தொடங்கி இலையை நெருக்கி நெருக்கிப் பிழிந்தேன். பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அடி ஸ்கேலை எடுத்துக் கேக்குகளின் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். உயர்ந்திருந்த இடத்தைக் கரண்டியால் தட்டினேன். அவள் செய்து வைத்த பத்தையும் விடவில்லை. கிரீமை வழித்து, தலையைச் சீவி, திரும்பப் பிழிந்தேன். தோள் விண்விண் என்றது. நான் நிறுத்தவில்லை.

முடித்துத் தட்டுகளை வரிசையாக வைத்தேன். நடுவில் ஆள் நடக்கிற வழிபோல் இடம் விட்டு வைத்தேன். அசல் காடு. எங்கள் பதினாலாம் நம்பர் காட்டை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முப்பது வருஷம் பாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற மெஷினுக்கு முன்னால் நின்றவர். குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, கொழுந்து வாசம் மட்டுந்தான் இல்ல" என்றார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு செய்த வேலையைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் ஒரு மணி நேரத்தில் வரவில்லை. விடுமுறைக் கூட்டம். ரோட்டில் கார்கள் தேங்கி நின்றன. அவள் வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. பெட்டிகளை மடித்துக்கொண்டே உள்ளே வந்தவள் தட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.  கையில் இருந்த பெட்டி பாதி மடிப்பிலேயே இருந்தது.

"எதுக்கும்மா சீவுன?"

"பின்ன, எப்படி விடச் சொல்ற? பொதரு மாதிரி கெடந்துச்சு."

அவள் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். இந்தத் தடவை நான் சரியாகப் பார்த்தேன். உருண்டைச் செடி. பந்து மாதிரி. மேலே கூம்பி. சிரிக்கிற முகம் வேறு வரைந்திருந்தார்கள்.

திரும்பச் செய்வதற்கு நேரம் இல்லை. சீவிய தலையைத் திரும்ப ஒட்ட முடியாது. மிச்சக் கிரீமும் பத்துக்குக்கூட வராது. அவள் கூடைகளை எடுத்து ஒவ்வொரு கேக்கின் மேலும் வைத்தாள்.  என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. பெட்டியில் அடுக்கினோம். ஆட்டோவில் ஆளுக்கு இரண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

ரிசார்ட்டில் பின்பக்க வழியாகப் போக வேண்டும். ஷெப் முதல் பெட்டியைத் திறந்தார். அடுத்ததையும் திறந்தார். நாலையும் திறந்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தார். விரலால் இலைகளை ஒதுக்கிக் கீழே பார்த்தார். கத்தி பட்ட இடம் தெரிந்தது.

"இது அமுங்கிப் போன கேக்கல்லே? மேல சீவிட்டு கிரீம் போட்டு மூடியிருக்கு" என்றார்.

மகள் இல்லை சார், இல்லை சார் என்றாள்.  அம்மாதான் செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை. ஏமாற்றுக்காரி மாதிரி நின்றாள்.

நான் பேசினேன். அமுங்கவே இல்லை, நல்லா உப்பின கேக்கு, நான்தான் சீவினேன் என்றேன். ஏன் என்றார். தேயிலைச் செடி மட்டமாகத்தான் இருக்கும், இருபத்தேழு வருஷமாக அதை மட்டமாக வைத்திருக்கிறது நான்தான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அடுப்படியில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை. அவரை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். பாருங்க சார், அதுல ஒரு செடி உருண்டையா இருக்கா, காட்டுங்க என்றேன்.

அவர் வந்து பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். 

"சேச்சி, அது எஸ்டேட்டு. இது கேக்கு" என்றார்.

நான் ஜன்னலை விட்டு நகர்ந்து மகள் பக்கத்தில் போய் நின்றேன். 

அன்றைய டீக்கு அவர் வேறு ஏதோ ஏற்பாடு செய்துகொண்டார். எங்கள் பெட்டிகளை மூடினார். மகளின் முகத்தைப் பார்த்திருப்பார் போல. புதன்கிழமை ஒரு கூட்டம் வருகிறது, அதற்கு நாற்பத்தெட்டு கொண்டு வா, படத்தில் இருக்கிற மாதிரி, அதுதான் கடைசி என்றார். மகள் தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது மடியில் அதே பெட்டிகள். அந்தக் கனம் எனக்குப் பழக்கமானதுதான். கொழுந்தில் முற்றல் கலந்திருக்கிறது என்று நிறுவையில் தள்ளிவிட்டால் இப்படித்தான் தூக்கிக்கொண்டு திரும்புவோம்.

லயத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்தேன். வேலை முடிந்து வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரி என் நிரைக்கு அடுத்த நிரையில் எடுப்பவள், என்னை மைனி, அதாவது அண்ணி, என்பாள். அவள் ஒரு பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"மைனி, இது நம்ம பதினாலாம் நம்பரு காடுல்லா?"

அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். பிறகு விரலை நீட்டி ஒரு கேக்கில் லேசாக உயர்ந்து நின்ற ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ண விட்டுட்டிய. சூப்பர்வைசரு பாத்தா சம்பளத்துல கைய வச்சிருவாரு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். மகள்கூடச் சிரித்தாள். நான் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, அந்தப் பாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எங்கே போகும்.

அன்றைக்குப் படுக்கையில் எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவளைக் காட்டுக்குள் விடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும். அவளைப் பிடித்து உள்ளே இழுத்தது கிளார்க் இல்லை, எஸ்டேட்காரன் இல்லை. என் கை. நான் பெருமையாகச் செய்த வேலை.

புதன்கிழமையும் லீவு போட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார், முறைக்கட்டும். காலையிலேயே கேக் சுட்டு முடித்தோம். இந்தத் தடவை படத்தைப் பெரிதாக்கி எனக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். நான் பார்த்துப் பார்த்துப் பிழிந்தேன். உருண்டையாக வர வேண்டும், மேலே கூம்ப வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பிழிந்தேன். நாலு நன்றாக வந்தது. ஐந்தாவதில் ஒரு இலை சாய்ந்து நின்றது. அதைச் சரி பண்ணலாம் என்று கரண்டியை எடுத்தேன்.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பார்த்தால், நான் மூன்று கேக்கின் தலையைத் தட்டி முடித்திருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

"அம்மா, நீ தொடாத. கோவிச்சுக்காத. தொடாத" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். கோபம் வந்ததா என்றால், வந்தது. இருபத்தேழு வருஷமாக இந்தக் கையைத் தொடாதே என்று ஒருவரும் சொன்னதில்லை. எடு எடு என்றுதான் சொன்னார்கள். எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்து கேக் தகரங்களைக் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.  ஒரு தகரத்தை வாங்கித் துணியால் துடைத்தார்.

உள்ளே அவள் தனியாகச் செய்தாள். சனிக்கிழமை எனக்கு மூன்று மணி நேரம் பிடித்த வேலை, அவளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது நான்தான் என்று அப்போது தெரிந்தது. முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு உருண்டைச் செடி. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று இடது பக்கம் சாய்ந்திருந்தது, ஒன்று தலைவிரி கோலமாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண், ஒரு சிரிப்பு. ஒன்றுக்கு மட்டும் முகத்தைச் சிடுசிடு என்று வைத்திருந்தாள். அது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

அவளும் அவள் அப்பாவும் மட்டும் போனார்கள். நான் போகவில்லை. போனால் ஜன்னலைக் காட்டுவேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது மடியில் பெட்டி இல்லை. ஷெப் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லையாம். எடுத்துத் தட்டில் அடுக்கச் சொன்னாராம். வந்த கூட்டம் போட்டோ எடுத்துத் தள்ளியதாம். சிடுசிடு முகத்தைத்தான் முதலில் எடுத்தார்களாம், அதற்கு இரண்டு பெண்கள் சண்டை போட்டார்களாம். இனி சனிக்கிழமைதோறும். எல்லாச் செடியும் சிரிக்க வேண்டாம், நாலு கோபப்படட்டும் என்றாராம்.

மகள் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து ஆபீசுக்குப் போனேன். பாரத்தை எழுதாமல் அப்படியே கிளார்க் மேசையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோள் சரியாயிட்டா?"

"இல்ல."

"பெறகு?"

"தூக்குற வரைக்கும் தூக்குறேன்."

அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இந்த இடம் போனால் திரும்ப வராது என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். அவள் வாராவாரம் கொடுப்பதைக் கொண்டு உடனே அறை பிடித்துவிட முடியாது. ஒரு வருஷம் ஆகும், ஒன்றரை ஆகும். அதுவரைக்கும் இந்த வீடு வேண்டும். வீட்டுக்கு என் பெயர் வேண்டும். பெயருக்கு என் தோள் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் காட்டுக்குப் போகிறேன். அவள் வீட்டில் செடி செய்கிறாள். ரோட்டோரம் இருக்கும் காட்டில் எடுக்கும் நாளில் கார்கள் நிற்கும். இறங்கி வந்து, இப்படித் திரும்புங்க, கத்திரியைத் தூக்குங்க, சிரிங்க என்பார்கள். கேக்கிலேயே நாலு பேருக்குக் கோபப்பட அனுமதி உண்டு என்று எனக்குத் தோன்றும். நான் சிரிப்பதில்லை. சிலர் வாடகைக்குச் சேலையும் கூடையும் வாங்கிக் கட்டிக்கொண்டு செடிக்குள் நிற்கிறார்கள். கொழுந்து மிதிபடுகிறது. திட்டினால் சூப்பர்வைசர் என்னைத்தான் பேசுவார்.

போன வாரம் அவள் கழித்து வைத்த ஒரு கேக்கை டிபன் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். ஒரு கண் வழிந்துவிட்டதாம், பனி. டீ நேரத்தில் திறந்தேன். இலை எல்லாப் பக்கமும் பிதுங்கி, உருண்டையாக, தலை கூம்பி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு நிரை மைனி? ஒரு வருசமா கத்திரியே படாம கெடக்கு."

"என் மகளோடது" என்றேன்.

 இரண்டாகப் பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தேன். நான் மேலே இருந்த இலையைத் தொடாமல் கீழிருந்து தின்றேன். சங்கு ஊதியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கத்திரியைத் தூக்கினேன். தோள் வலித்தது.